ஆடு நிற்கிற அட்டையும் ஊமைப் பாட்டும்

நைனார்பாளையம்
12.10.1987

அம்மாசிக்கு,

கண்ணாயிரம் எழுதுவது. நலமா என்று கேட்கப்போவதில்லை. கேட்டால் நலம் என்று எழுதுவாய், அதைப் படித்தால் எனக்கு எரிச்சல் வரும்.

நேற்று பாண்டிச்சேரியிலிருந்து தங்கமணி என்று ஒருவர் கார் வைத்துக்கொண்டு வந்தார். பழைய ரெக்கார்டு வாங்குகிறவர். நம் சவுண்ட் சர்வீஸில் முப்பது வருஷமாகச் சேர்ந்த ரெக்கார்டுகளை மொத்தமாகத் தள்ளிவிட்டு ஒரு கேசட் செட் வாங்கலாம் என்று இருக்கிறேன். சின்னசேலத்தில் புதிதாக வந்தவன் கேசட்டை வைத்துத்தான் எல்லா முகூர்த்தத்தையும் அள்ளிக்கொண்டு போகிறான். இன்னும் ரெக்கார்டுதான் போடுகிறோம் என்றால் கல்யாணக்காரன் சிரிக்கிறான்.

தங்கமணி கூடத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் புரட்டினார். சினிமா ரெக்கார்டை எல்லாம் அரிசியில் கல் பொறுக்குவது போல ஒதுக்கிக்கொண்டே போனவர் ஆடு அட்டையைப் பார்த்ததும் நின்றுவிட்டார். அதுதான், பியானோ மேல் ஒரு ஆடு நிற்கும், பின்னால் கடல் தெரியும், அந்த இங்கிலீஷ் ரெக்கார்டு. அதைப் பாடின குழு மொத்தமே இரண்டு ரெக்கார்டுதான் போட்டார்களாம். முதலாவது ஊரெல்லாம் இருக்கிறதாம். இரண்டாவதான இதை அப்போது ஒருவரும் வாங்கவில்லையாம். பத்திரிகையில் திட்டி எழுதிக் குழுவே கலைந்து போனதாம். இப்போதுதான் தேடுகிறார்களாம். ராக் பாட்டு என்று சொன்னார். இது இருந்தால் மொத்தத்தையும் எடுத்துக்கொள்வதாகவும், இது இல்லாவிட்டால் மற்றது தனக்கு வேண்டாம் என்றும் சொல்லிவிட்டு, உள்ளே இருந்ததை உருவினார். பேர் போட்ட நடுக் காகிதம் கிழிந்து போயிருந்ததால் போட்டுப் பார்த்துவிடலாம் என்று தன் சூட்கேஸ் பிளேயரில் வைத்தார்.

ஒப்பாரி, அம்மாசி. சாவு வீட்டுக்கு நாம் முதலில் போடுகிற ஒப்பாரி.

நான் எழுந்து ஊசியை எடுப்பதற்குள் எதிர்வீட்டுக் கண்ணகி முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு ஓடி வந்துவிட்டாள். என்னைப் பார்த்ததும் அவளுக்குக் குழப்பம். “நீ குந்திக்கினு கீற. அப்ப போனது யாரு?” என்றாள். ஜெயிலிலிருந்து வந்து ஒரு வாரமே ஆன என் மகன் சுபாஷ் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தான். அவன் பேரைச் சொல்லித் தெருவே அழ ஆரம்பித்துவிட்டது. அவன் எழுந்து கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து நின்ற பிறகுதான் அடங்கியது. அதற்குள் மேளத்துக்குச் சொல்ல ஆள் கிளம்பிப் போய்விட்டது. மாலை ஒன்றும் வந்து சேர்ந்தது.

ஆடு அட்டைக்குள் ஒப்பாரியை வைக்க உன் ஒருத்தனுக்குத்தான் புத்தி வரும். உள்ளே இருந்த ரெக்கார்டை நீதான் எடுத்துக்கொண்டு மலைக்குப் போயிருக்கிறாய். தீபாவளி கழித்து தங்கமணி மறுபடி வருகிறார். அதற்குள் ரெக்கார்டு வந்தாக வேண்டும்.

மற்ற கணக்கு நமக்குள் இருக்கிறது. அதை நான் மறக்கவில்லை.

கண்ணாயிரம்


வெள்ளிமலை
24.10.1987

முதலாளி சமூகத்துக்கு ஆபரேட்டர் அம்மாசி கும்பிடு. நீங்க கேட்காவிட்டாலும் நான் நலம். என் மகள் எழில்மதி நலம். நான் குடியிருக்கிற கூரையில் நேற்று ஒரு குரங்கு உட்கார்ந்திருந்தது, அதுவும் நலம்.

உங்க கடிதத்தை மூன்று தடவை படித்தேன். கண்ணகி வந்த இடத்தை மட்டும் எட்டுத் தடவை. அந்த மாலையை என்ன செய்தீங்க? சாமிக்குப் போட முடியாது, திருப்பிக் கொடுக்கவும் முடியாது. உயிரோடு இருக்கும்போதே சொந்தத் தெரு அழுவதைக் கண்ணால் பார்த்த குடும்பம் தாலுகாவிலேயே உங்க ஒரு குடும்பம்தான். அதற்கு எனக்கு நன்றி சொல்லணும், நீங்க திட்டுறீங்க.

நான் திருடவில்லை. உங்க மகள் அமிர்தம் பாப்பா கல்யாணத்தில் அந்த ரெக்கார்டு போட்ட அன்றைக்கு நீங்க என்ன சொன்னீங்க? “இந்தச் சனியன எங்கனா கொண்டும்போய்ப் போட்டுட்டு வா.” பதினொரு வருஷம் ஆச்சு, சாவகாசமாகக் கொண்டுவந்து வெள்ளிமலையில் போட்டேன். சொன்ன வேலையைத்தான் செய்தேன்.

அந்தக் கல்யாணம் ஞாபகம் இருக்குதா? மாப்பிள்ளையின் மாமன்காரர் வந்து, பட்டணத்தில் இல்லாத பாட்டு எதுனா வைத்திருக்கிறாயா என்று மீசையை முறுக்கினார். வைத்திருக்கிறேன் என்று ஆடு ரெக்கார்டைப் போட்டேன். முதல் பாட்டுக்கு நாதஸ்வரக்காரர் சீவாளியைக் கழற்றிப் பையில் வைத்தார். அப்புறம் திருப்பிப் போட்டேன். அந்தப் பக்கத்தில் மூன்றாவது, நாம் ஊமைப் பாட்டு என்று பேர் வைத்தது. ஊசி ஓடும், குழாய் ஸ்பீக்கரில் சத்தமே வராது. கரண்டு போச்சு என்று சமையல்காரர் கரண்டியோடு வந்தார். நீங்க பட்டு வேட்டியோடு தென்னை மரத்தில் ஏறி, கட்டியிருந்த குழாய்க்குள் தலையை விட்டீங்க. அந்த நேரம் பார்த்து நான்காவது பாட்டு ஆரம்பித்தது. விழாமல் இறங்கினது எங்க குலசாமி புண்ணியம்.

நான் இப்போது வேறு ஒன்று சொல்லத்தான் எழுதுகிறேன். அந்த ரெக்கார்டு ஊமை இல்லை முதலாளி. எழில்மதி சமைக்கிற மலைப் பள்ளிக்கூடத்தில் ஒரு பழைய பிளேயர் இருக்கிறது. கட்டைப் பெட்டி, அதற்குள்ளேயே ஸ்பீக்கர். ரிப்பேராகிக் கிடந்ததை நான் பிரித்துப் பார்த்துச் சரி செய்தேன். தலைமையாசிரியர் தனசேகரன் தங்கமான மனுஷன், சாயந்திரம் பிள்ளைகள் போன பிறகு போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டார். அட்டையில் இருக்கிற எழுத்து எனக்கு மனப்பாடம், வரைந்து காட்டினேன். ‘உப்பு வாங்கப் போனோம்’ என்று அர்த்தம் வருகிறதாம். ஆட்டைப் பியானோ மேல் ஏற்றிவிட்டு உப்பு வாங்கப் போயிருக்கிறார்கள். வெள்ளைக்காரன் குடும்பமும் நம்ம குடும்பம் மாதிரிதான்.

அந்தப் பெட்டியில் ஊமைப் பாட்டு மூன்று நிமிஷமும் பாடுகிறது. நாம்தான் குழாயில் கேட்டோம்.

ரெக்கார்டு தர மாட்டேன். வேறு எது வேண்டுமானாலும் கேளுங்க.

அம்மாசி


நைனார்பாளையம்
2.11.1987

அம்மாசிக்கு,

தபால் ஒன்பது நாள் கழித்து வந்தது. அதில் குரங்கு நலம் என்று எழுதியிருக்கிறாய். இந்த நேரத்தில் எவனாவது குரங்கைப் பற்றி எழுதுவானா?

நீ எழுதாமல் ஒதுக்குகிறதை நான் எழுதுகிறேன். செப்டம்பரில் எங்கள் ஜனங்கள் இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் ரோடு மறித்தோம். மூன்றாம் நாள் மெயின் ரோட்டில் புளியமரத்தை வெட்டிப் போட்டுவிட்டு நம் செட்டைத்தான் வைத்தோம். உன் தெருவுக்கும் இந்தப் போராட்டத்துக்கும் சம்பந்தமில்லை, நீ வர வேண்டியதில்லை என்று நான்தான் சொன்னேன். நீதான், செட்டை வேறு யாரும் தொடக்கூடாது என்று சொல்லிக்கொண்டு வந்தாய். அதுவரைக்கும் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

போலீஸ் வேன் வந்தபோது எல்லோரும் கரும்புக்குள் ஓடினோம். வரப்பு மேலிருந்து நான் மூன்று தடவை கத்தினேன். “அம்மாசி, ஒயரப் புடுங்கிக்கினு ஓடியா.” என் தொண்டை கிழிந்தது. இருபது கஜம்கூட இல்லை. நீ முதுகைக் காட்டிக்கொண்டு ஊசியைத் துடைத்துக்கொண்டிருந்தாய். கல்யாண வீட்டில் உட்கார்ந்திருப்பது போல. செட்டு போகிறதே என்று சுபாஷ் திரும்பி ஓடினான். அவனைப் பிடித்தார்கள். ஆம்ப்ளிபயர், பிளேயர், குழாய் நான்கும் வேனில் ஏறியது. உன்னிடம் எந்தத் தெரு என்று கேட்டார்கள். சொன்னாய். போ என்று விட்டுவிட்டார்கள்.

என் மகன் பதினைந்து நாள் ஜெயிலில் இருந்தான். நீ அன்று சாயந்திரமே மூட்டை கட்டிக்கொண்டு மலைக்குப் போய்விட்டாய். ஒரு வார்த்தை சொல்லவில்லை. நீ வேண்டுமென்றே உட்கார்ந்திருந்தாய் என்று ஊரில் பேசுகிறார்கள். நான் இதுவரை ஆமாம் என்று சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. என்ன நடந்தது என்று நீயே எழுது என்றுதான் காத்திருக்கிறேன். நீ ரெக்கார்டு பாடுகிறது என்று எழுதுகிறாய்.

செட்டு கேஸ் சொத்தாகக் கோர்ட்டில் கிடக்கிறது. மனுப் போட்டிருக்கிறேன், எப்போது வரும் என்று தெரியாது. வந்தாலும் ரெக்கார்டை வைத்து இனி தொழில் செய்ய முடியாது. தங்கமணிக்குக் கார்டு போட்டு டிசம்பர் பதினேழு வரை தவணை வாங்கியிருக்கிறேன். கச்சிராயபாளையத்துக்கு ஜீப் ஓட்டுகிற சடையனிடம் கொடுத்து அனுப்பு.

கண்ணாயிரம்


வெள்ளிமலை
15.11.1987

முதலாளி அவர்களுக்கு,

உங்க கடிதம் வந்த அன்று இங்கே மழை. கடிதத்துக்குள்ளேயும் இடி.

சடையனைக் கேட்டேன். போன வாரம் ஒரு முட்டைக் கூடையை அவனிடம் கொடுத்தவர் கீழே போய் வாங்கும்போது ஸ்பூனால் வாங்கினாராம். கரியாலூர் வளைவில் அவன் ஜீப் திரும்புகிறதைப் பார்த்தால் நீங்களே ரெக்கார்டு வேண்டாம் என்பீங்க.

நான் கேட்டதைக் கேட்ட மாதிரியே எழுதுகிறேன், படித்துவிட்டு விற்பதா வேண்டாமா என்று சொல்லுங்க. முப்பது வருஷமாக நாம் ரெக்கார்டுக்கு என்ன தரம் பிரித்தோம்? கல்யாணத்துக்கு ஆகும், காது குத்துக்கு ஆகும், சாவுக்கு ஆகும், திருவிழாவுக்கு ஆகும். ஆடு ரெக்கார்டு எதற்கும் ஆகவில்லை. அதனால் குப்பை என்றோம். அங்கேதான் தப்பு. குழாய்க்கு என்ன வேலை? பக்கத்து ஊர்க்காரனுக்கும் கேட்கணும், அதுதான் அதன் வேலை. தொண்டையை மட்டும் தூக்கிக் கொண்டுபோய் எறியும். அடியில் இருக்கிற கனத்தை அது தொடவே தொடாது. இந்தப் பசங்க பாட்டு முழுக்க அடியில்தான் வைத்திருக்கிறார்கள். மேலே வருகிற கத்தல் சும்மா ஒரு துணி, உடம்பு கீழே இருக்கிறது. பத்திரிகையில் திட்டினவனும் குழாயில்தான் கேட்டிருப்பான் போல.

முதல் பக்கம் முதல் பாட்டு, அன்றைக்குத் தகரத்தில் ஆணி இழுத்த மாதிரி இருந்ததே, பெட்டியில் ஒருத்தன் மாடிப்படியில் மெதுவாக இறங்கி வருகிற மாதிரி இருக்கிறது. இரண்டாவது நல்ல பாட்டு, ஆனால் முடிக்கத் தெரியாமல் முடிக்கிறான். மூன்றாவது, கோபமாக ஆரம்பித்து நடுவில் எதற்குக் கோபம் என்றே மறந்துவிடுகிறான், உங்க மாதிரி. நான்காவது அப்போதும் குப்பை, இப்போதும் குப்பை, பூனை வாலை மிதித்தது போலத்தான். பொய் சொல்ல மாட்டேன்.

ஊமைப் பாட்டுக்கு வருகிறேன். மேலே ஒன்றுமே இல்லை. குரல் இல்லை, கம்பி இல்லை. அடியில் ஒருத்தன் மட்டும் கனத்த கம்பியை ஒரே கதியில் தட்டிக்கொண்டே போகிறான். உங்க கொல்லைமேட்டுக் கிணற்றில் ஆயில் எஞ்சின் ஓடினால் மூன்று கழனி தள்ளி ஏரிக்கரையில் எப்படிக் கேட்கும்? அப்படி. தண்ணீர் பாய்கிறது, நீங்க இருக்கீங்க, நான் மடை திருப்பப் போகலாம் என்று ஒரு தைரியம் வரும் பாருங்க, அது. தலைமையாசிரியரிடம் இதைச் சொன்னேன். “அம்மாசி, எனக்கு அவ்ளோ ஒண்ணும் தெரிலயே, வெறும் டொக் டொக்னுதான கீது” என்றார். பி.ஏ. படித்தவர்.

இந்த ரெக்கார்டு எந்த விசேஷத்துக்கும் போடுகிறது இல்லை முதலாளி. விசேஷம் எல்லாம் முடிந்து பந்தலைப் பிரித்த பிறகு, ஒருத்தன் தனியாக உட்கார்ந்து கேட்கிறதுக்கு.

மறியல் நாள் விஷயம் கேட்டிருக்கீங்க. அன்றைக்கு ஊசியில் நிஜமாகவே தூசி இருந்தது.

அம்மாசி


நைனார்பாளையம்
28.11.1987

அம்மாசிக்கு,

ஊசியில் தூசி இருந்தது என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியைச் சுபாஷ் படித்துவிட்டான். நான் மறைத்துத்தான் வைத்திருந்தேன். கடிதத்தை என் மடியில் போட்டுவிட்டு வெளியே போனான். அதைவிட அவன் என்னைத் திட்டியிருக்கலாம்.

எல்லாவற்றுக்கும் சிரிக்கிற ஆள் நீ. என் அப்பா செத்தபோதுகூட என்னைச் சிரிக்க வைத்தாய், அதற்கு நான் இன்றைக்கும் உனக்குக் கடன்பட்டவன். ஆனால் இதில் என்னால் சிரிக்க முடியவில்லை. இத்தனை வருஷம் ஒன்றாகச் சோறு தின்றவன், என் மகனைப் பிடிக்கட்டும் என்று முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பானா? இல்லை என்று நினைத்துக்கொண்டு படுத்தால் ஆமாம் என்று தோன்றுகிறது. உன் தெருவுக்கு எங்கள் தெருமேல் எவ்வளவோ வயிற்றெரிச்சல் இருக்கும். இருக்க நியாயமும் உண்டு. அதை என் மகனிடம் தீர்த்துக்கொண்டாயா?

கேட்டாகிவிட்டது. இனி நீ பதில் எழுத வேண்டாம். ரெக்கார்டை மட்டும் அனுப்பு. அது என் செட்டுச் சொத்து. அதோடு முடிந்தது.

கண்ணாயிரம்


வெள்ளிமலை
9.12.1987

முதலாளிக்கு,

எழுத வேண்டாம் என்றீங்க. எழுதுகிறேன், ஏனென்றால் இதை நேரில் சொல்ல வராது.

எனக்குக் காது கேட்காது.

மொத்தமாகச் செவிடு இல்லை. ஆறு வருஷமாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருக்கிறது. முதலில் குருவி போச்சு. அப்புறம் பொம்பளைக் குரலில் வருகிற பாட்டெல்லாம் போச்சு. ஊசி ஓடுகிறது, பாடுகிறாள் என்று எனக்குத் தெரியும், ஆனால் கேட்காது. அப்புறம் பேச்சு. முகத்தைப் பார்த்தால் வாயசைவில் பிடித்துக்கொள்வேன். முதுகுப் பக்கம் யாராவது பேசினால் அவ்வளவுதான். முப்பது வருஷம் குழாய்க்குக் கீழேயே உட்கார்ந்தவனுக்கு வேறு எப்படி இருக்கும்? கனத்த சத்தம் மட்டும் இன்னும் கேட்கிறது. எஞ்சின் கேட்கும், பறை கேட்கும், இடி கேட்கும். நம்ம ரெக்கார்டு முந்நூறில் ஆரம்பத்திலிருந்து முடிவு வரை எனக்கு முழுசாகக் கேட்கிற பாட்டு ஒன்றே ஒன்றுதான். அந்த ஊமைப் பாட்டு. பெட்டியில் போட்டு அது கேட்டபோது நான் எழுந்துபோய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். எழில்மதி பார்க்கக்கூடாது என்று.

நாலு வருஷம் முன்னே ஒரு நாள், “கத்தாதீங்க மொதலாளி, துண்ட ஆட்டுங்க, பெரிய எடத்துல எல்லாம் அப்படித்தான்” என்று சொன்னேனே. அது ஸ்டைலுக்குச் சொன்னது இல்லை. நீங்களும் அன்றிலிருந்து பாட்டை நிறுத்தணும் என்றால் துண்டை ஆட்டுவீங்க, தாலி கட்டுகிற நேரத்துக்கு இரண்டு தடவை ஆட்டுவீங்க. எந்தக் கல்யாணத்திலும் மேசையை உங்களைப் பார்த்துத்தான் போட்டேன். ரோட்டில் அதற்கு இடமில்லை. அன்றைக்கு நீங்க கத்தினதாக எழுதின பிறகுதான் கத்தினீங்க என்பதே எனக்குத் தெரியும். சுபாஷ் ஓடி வந்து என் தோளைப் பிடித்து இழுத்தபோது திரும்பினேன், பின்னாலேயே லத்தி. அவன் என்னைத்தான் முதலில் இழுத்தான் முதலாளி, செட்டை இல்லை. அவன் அதைச் சொல்லியிருக்க மாட்டான்.

தெருவைக் கேட்டுத்தான் என்னை விட்டார்கள். அதுவும் எனக்குக் காதில் விழவில்லை. வாயைப் பார்த்துத்தான் பதில் சொன்னேன்.

அப்போதே உங்களிடம் வந்து சொல்லியிருக்கலாம். காது போன ஆபரேட்டரை எவன் வைத்துக்கொள்வான்? ஆறு வருஷமாக மறைத்தவன் உங்களை ஏமாற்றினவன்தானே. காட்டிக் கொடுத்தவன் என்ற பேரோடு இருந்துவிடலாம், செவிடன் என்ற பேர் வேண்டாம் என்று நினைத்தேன். உங்க போன கடிதத்தைப் படித்த பிறகு, முன்னது எவ்வளவு பெரிய பேர் என்று தெரிந்தது.

ரெக்கார்டைச் சடையனிடம் கொடுத்திருக்கிறேன். எழில்மதியின் பழைய புடவையில் சுற்றியிருக்கிறது. மடியில் வைத்துக்கொண்டு ஓட்டுவதாகச் சத்தியம் செய்தான். கடைசியாக நேற்றுச் சாயந்திரம் ஐந்து தடவை போட்டுக் கேட்டுவிட்டேன், அதில் ஒரு கீறல் விழுந்திருந்தால் அது என்னுடையது. வித்துடுங்க. கேசட் செட் வாங்குங்க. சின்னசேலத்தானை விடாதீங்க.

அம்மாசி


நைனார்பாளையம்
20.12.1987

அம்மாசிக்கு,

உன் கடிதமும் ரெக்கார்டும் ஒரே நாளில் வந்தன. சடையன் உடையாமல்தான் கொண்டுவந்தான். முட்டை விஷயம் நீ கட்டின கதை என்று அவன் முகத்திலேயே தெரிந்தது.

பதினேழாம் தேதி தங்கமணி வந்தார். ரெக்கார்டை வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துவிட்டு அட்டைக்குள் போடப் போனார். ஒரு தடவை போட்டுக் காட்டுங்கள் என்றேன். பின்பக்கம் மூன்றாவது. அவர் சூட்கேஸ் பிளேயரில் வைத்தார். ஆமாம், சத்தம் இருக்கிறது. எனக்கு அது பிடிக்கவில்லை அம்மாசி. மூன்று நிமிஷமும் ஒரே தட்டு, பக்கத்து வீட்டில் மாவு இடிக்கிற மாதிரி. கிணற்று எஞ்சின் என்று நீ எழுதியது எனக்குத் தோன்றவில்லை. உனக்கு ரசனை கிடையாது என்று முப்பது வருஷமாகச் சொல்கிறேன், அதை மாற்றிக்கொள்ள மாட்டேன்.

ஆனால் முடிகிற வரை ஊசியை எடுக்க விடவில்லை. அது ஓடிக்கொண்டிருக்கும்போது எனக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. களமருதூர்க் கல்யாணத்தில் நான் பின்னாலிருந்து கூப்பிட்டு நீ திரும்பாதபோது திமிர் என்று நினைத்தது. தேர் அன்றைக்கு யாரோ மைக்கில் உன் பேரைச் சொல்லிக் கிண்டல் செய்தபோது நீயும் கூட்டத்தோடு சேர்ந்து சிரித்தது. சொன்னது காதில் விழுந்து நீ சிரிக்கவில்லை. எல்லோரும் சிரித்ததால் சிரித்திருக்கிறாய். அன்றைக்கு மறியலில் நான் துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு ஓடினேன். அதை அவிழ்த்து உன் முகத்துக்கு நேரே வந்து ஒரு தடவை ஆட்டியிருந்தால் போதும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லையே. ஆறு வருஷம் என்னிடம் மறைத்ததற்கு உன்னை என்ன செய்தால் தகும்? கோபம் இன்னும் போகவில்லை. இப்போது இருப்பது வேறு கோபம்.

ரெக்கார்டு கொடுப்பதற்கில்லை என்று தங்கமணியிடம் சொன்னேன். அவருக்கு முகம் சிவந்துவிட்டது. இரண்டு தடவை பாண்டிச்சேரியிலிருந்து வரவழைத்து விளையாடுகிறீர்களா என்று கேட்டார். நியாயம்தான். மற்றதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிப் பார்த்தேன். ஒரு ரெக்கார்டும் வேண்டாம் என்று காரில் ஏறிவிட்டார். முந்நூறும் கூடத்தில் கிடக்கிறது. நடக்க வழியில்லை. மருமகள் காலில் இடித்துக்கொண்டு என்னைத் திட்டுகிறாள். கேசட் செட் கனவு போச்சு. சின்னசேலத்தான் தை மாசத்துக்கு நான்கு முகூர்த்தம் பேசிவிட்டானாம். எல்லாம் உன்னால்.

உன் கடிதத்தைச் சுபாஷிடம் கொடுத்தேன். அம்மாசியைத்தான் முதலில் இழுத்தாயா என்று கேட்டேன். “ஆமாம்பா” என்றான். ஏன்டா சொல்லவில்லை என்றதற்கு, சொன்னால் நான் உன்னை இன்னும் அதிகமாகத் திட்டுவேன் என்று விட்டுவிட்டானாம். என்னைப் பற்றி என் மகன் சரியாகத்தான் தெரிந்து வைத்திருக்கிறான். நவம்பர் கடைசியில் நான் எழுதிய கடிதத்தை அடுப்பில் போட்டுவிடு. அதில் எழுதினதை அடித்துத் திருத்த முடியாது.

ரெக்கார்டைச் சடையனிடமே திருப்பி அனுப்புகிறேன். அட்டையோடு. ஆட்டை மழையில் நனைய விடாதே, அதற்குள் ஒப்பாரி எதையும் வைக்காதே.

கோர்ட்டில் செட்டைத் திருப்பித் தர உத்தரவு ஆகிவிட்டது. வாங்குகிறபோது செட்டு யார் பொறுப்பில் இருக்கும், ஆபரேட்டர் யார் என்று எழுதிக் கொடுக்க வேண்டுமாம். நேற்று கள்ளக்குறிச்சிக்குப் போய் எழுதிக் கொடுத்தேன். உன் பேர், உன் அப்பா பேர், உன் தெரு. பக்கத்தில் நின்ற சுபாஷ் மெதுவாக, “காது கேக்காத ஆள வச்சி எப்படிப்பா மைக் செட் நடத்துவ?” என்றான்.

“ஆறு வருஷமா எப்பிடி நடத்தனனோ அப்பிடித்தான்டா” என்றேன்.

ஜனவரி நான்காம் தேதி திங்கட்கிழமை செட்டு கைக்கு வருகிறது. கையெழுத்துப் போட நீ வர வேண்டும்.

கண்ணாயிரம்